புருவ முடி உதிரும்போது



முடி உதிர்கிறது என்று யாராவது ஒருவர் வந்து நிற்காத நாள் எந்த மருத்துவமனையிலும் இல்லை. பெரும்பாலும் காரணம் எளிதில் விளங்கிவிடும். அபூர்வமாக ஒருவர் வேறு விதமான குறையோடு வருவார். அவருடைய தலைமுடி அடர்த்தியாகவே இருக்கும். புருவ முடி மட்டும் வெளி ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக மறைந்துகொண்டு வரும். வலியில்லை, அரிப்பில்லை. வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். இந்தக் குறையை மருத்துவர் எப்படி ஆராய்கிறார், அதில் ஏன் தாமதம் கூடாது என்பதே இவ்விதழின் பாடம்.

சாதாரணமாக உதிர்வது எது?

ஆரோக்கியமான மனிதனுக்கும் தினமும் 50 முதல் 100 முடிகள் வரை உதிர்கின்றன. டைபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பின்னும், பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக உதிரும். பயப்பட வேண்டாம், காரணம் நீங்கினால் திரும்ப வளரும். ஆண்களுக்கு நெற்றியிலும் உச்சியிலும் வழுக்கை விழுவது பரம்பரை வழியாக வருவது. இரத்தச் சோகையினாலும் தைராய்டுக் கோளாறினாலும் முடி மெலியும்.

நம் ஊரில் 'புழுவெட்டு' என்று சொல்லப்படுவதில் உண்மையில் புழு எதுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த முடிவேரையே அந்நியமாக எண்ணித் தாக்குவதால், நாணயம் அளவில் வட்டமாக முடி கொட்டுகிறது. இது புருவத்திலும் தாடியிலும் வரலாம். தோல் வழவழப்பாக, நிறம் மாறாமல் இருக்கும். பலருக்கு முடி தானாகவே திரும்ப முளைக்கும்.

மருத்துவர் கேட்கும் மூன்று கேள்விகள்

முடி உதிர்ந்த இடத்தைப் பார்க்கும் மருத்துவர் தம் மனதுக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறார்.

முதலாவது, எந்த இடத்தில் உதிர்ந்திருக்கிறது? தலையிலா, புருவத்திலா, இமையிலா, கைகால் தோலிலா? ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமும் ஒரே விதமாகவா?

இரண்டாவது, முடி முளைக்கும் நுண்துளைகள் இன்னும் இருக்கின்றனவா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். துளைகள் இருந்தால் வேர் உயிரோடிருக்கிறது என்று நம்பலாம். துளைகள் மறைந்து தோல் தழும்பாகியிருந்தால் அந்த முடி மீண்டும் வருவது கடினம்.

மூன்றாவது, அந்த இடத்துத் தோல் எப்படி இருக்கிறது? நிறம் மாறியிருக்கிறதா? தடித்திருக்கிறதா? செதில் இருக்கிறதா? வியர்க்கிறதா? தொட்டால் தெரிகிறதா?

இந்த மூன்றாவது கேள்வியே அதிகமாக விட்டுப்போகிற கேள்வி. முடியைப் பற்றிக் குறை சொல்லி வந்தவரின் தோலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவசரத்தில் எழுவதில்லை.

புருவம் உதிர என்னென்ன காரணங்கள்?

புழுவெட்டை மேலே கண்டோம். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் புருவத்தின் வெளி மூன்றில் ஒரு பங்கு மெலியும். அப்படிப்பட்டவர்களுக்குச் சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, உடல் பருத்தல் ஆகியவையும் இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

லூபஸ் என்னும் நோயின் ஒரு வகையில் முகத்திலும் காதுக்குழியிலும் செதிலோடு கூடிய படைகள் தோன்றி, நடுவில் வெளுத்துத் தழும்பாகும். அந்தத் தழும்பில் முடி இராது. மேக நோயாகிய சிபிலிஸின் இரண்டாம் கட்டத்தில் தலைமுடி பூச்சி அரித்ததுபோல் ஆங்காங்கே உதிர்வதோடு புருவமும் உதிரலாம். இதற்கும் இரத்தப் பரிசோதனை உண்டு.

1994இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டாக்டர் ஸ்டீவன் கொசார்டு ஒரு புதிய வகையை விவரித்தார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு முன்நெற்றி முடிக்கோடு பட்டையாகப் பின்வாங்குவது அதன் அடையாளம். இவர்களில் பலருக்குப் புருவமும் போய்விடுகிறது. முடி விழுந்த இடம் தழும்பாகிவிடுகிறபடியால், ஆரம்பத்திலேயே நோயைத் தடுத்து நிறுத்தப் பார்க்க வேண்டும்.

இவ்வரிசையில் கடைசியாக நிற்பது தொழுநோய். ஒரு காலத்தில் நம் நாட்டு மருத்துவர்கள் புருவமில்லாத முகத்தைப் பார்த்ததும் முதலில் நினைத்தது இதைத்தான். இப்பொழுது இது அபூர்வமாகிவிட்டபடியால் கடைசியாகக்கூட நினைவுக்கு வராமல் போகிறது. 2005 டிசம்பரில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாகச் சிகிச்சையில் இருக்கும் நிலையை இந்தியா எட்டியது. தொழுநோய் ஒழிந்தது என்று பலரும் எண்ணிக்கொண்டார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். அது உலகம் முழுவதிலும் அவ்வாண்டு கண்டறியப்பட்ட தொகையில் பாதிக்கும் மேல்.

கிருமி ஏன் புருவத்தைத் தேடுகிறது?

தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் டாக்டர் ஹான்சன் கண்டறிந்தார். இது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. உடலுக்குள் நுழைந்தபின் அடையாளம் காட்டச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும். எனவே இது பெரியவர்களிடத்தில் காணப்படும்போது, எங்கே, யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

இக்கிருமிக்குச் சூடு ஆகாது. உடலில் குளிர்ந்திருக்கும் பகுதிகளிலேயே அது நன்றாகப் பெருகும். மூக்கு, காது மடல், கன்னம், புருவம், கைவிரல், பாதம் ஆகியவை குளிர்ந்த இடங்கள். தலையின் மேல்தோலோ அடர்ந்த முடியினாலும் மிகுந்த இரத்த ஓட்டத்தினாலும் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஆகவேதான் தலைமுடி பெரும்பாலும் தப்பிவிடுகிறது, புருவம் விழுகிறது. திருச்செந்தூரிலோ வேளாங்கண்ணியிலோ மொட்டை போட்டவரின் தலையில் முடி வழக்கம்போல் முளைத்து வரும். புருவம் மட்டும் வராது. தலையும் புருவமும் இப்படி ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பதே நோயை அறிய உதவும் ஒரு குறிப்பு.

தொட்டால் தெரிந்தால் போதுமா?

தொழுநோய் என்றாலே உணர்ச்சியற்ற தேமல் என்று நம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது சரியே. ஒரு வகைத் தொழுநோயில் வெளிர்ந்த அல்லது சிவந்த தேமல் ஒன்றோ சிலவோ தோன்றும். அந்த இடத்தில் முடி உதிரும், வியர்வை வராது, தோல் வறண்டிருக்கும், தொட்டால் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பது எளிது.

புருவத்தை உதிர்ப்பது பெரும்பாலும் மற்றொரு வகை. இதில் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைவாயிருப்பதால் கிருமிகள் ஏராளமாகப் பெருகுகின்றன. ஆனால் தெளிவான தேமல் காணப்படாது. தோல் முழுவதும் சற்றே தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும். ஆரம்பத்தில் அந்தத் தோலில் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். 'தொட்டால் தெரிகிறதே, ஆகவே தொழுநோய் இல்லை' என்று முடிவு செய்கிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்.

பாடத்துக்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். சேரன்மகாதேவிப் பக்கத்து விவசாயி, வயது 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாகப் புருவம் மெலிந்து வருகிறது. தேமல் கிடையாது. பஞ்சினால் தொட்டால் தெரிகிறது. தைராய்டுப் பரிசோதனை சரியாக இருக்கிறது. வெயிலில் வேலை செய்கிறவருக்கு இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் நிதானமாக விசாரித்தால் அவர் இன்னும் சில காரியங்களைச் சொல்லுவார். மூக்கு அடைத்துக்கொண்டே இருக்கிறது. சில வேளை இரத்தம் கசிகிறது. சாயங்காலமானால் பாதம் வீங்குகிறது. இவற்றை அவர் புருவத்தோடு சேர்த்து எண்ணியதே இல்லை. அவரை வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பார்த்தால் இரு புருவங்களும் ஒரே அளவில் போயிருக்கின்றன. காது மடல் தடித்து, தொட்டால் சிறு முடிச்சுகள் தட்டுப்படுகின்றன. இனி அடுத்த பரிசோதனை என்ன என்பதில் மருத்துவருக்குச் சந்தேகமில்லை.

நோயை உறுதி செய்வது எப்படி?

தொழுநோய் என்று தீர்மானிக்க மூன்று முக்கிய அடையாளங்கள் உண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலே போதும்.

1. வெளிர்ந்த அல்லது சிவந்த தேமலில் உணர்ச்சி திட்டமாக இல்லாமலிருப்பது.

2. நரம்பு தடித்து, அது சென்று சேரும் இடத்தில் உணர்ச்சியோ பலமோ குறைந்திருப்பது.

3. தோல் கீறல் பரிசோதனையில் கிருமி காணப்படுவது.

உணர்ச்சியைச் சோதிக்கும் முறையை எவரும் கற்றுக்கொள்ளலாம். முதலில் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சுத் திரியால் தொட்டு, 'இப்படித் தொடுவேன், தொட்ட இடத்தை விரலால் காட்டுங்கள்' என்று விளக்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, நல்ல தோலையும் சந்தேகமான தோலையும் மாறி மாறித் தொட வேண்டும். 'தெரிகிறதா, தெரிகிறதா?' என்று கேட்டுக்கொண்டே தொட்டால் மரியாதைக்காக 'ஆம்' என்பார்கள்; அது சோதனையாகாது.

நரம்பைப் பார்க்க முழங்கையின் உட்புறப் பள்ளம், கழுத்தின் பக்கவாட்டு, முழங்காலின் வெளிப்புறம், கணுக்காலின் உட்புறம் ஆகிய இடங்களை விரலால் மெதுவாகத் தடவிப் பார்ப்பார்கள். இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

தோல் கீறல் பரிசோதனையில் காது மடல், புருவம் போன்ற இடங்களின் தோலை இரு விரல்களால் இறுக்கிப் பிடித்து, இரத்தம் வராதபடி சிறிய கீறல் போட்டு, கசியும் நீரைக் கண்ணாடித் துண்டில் தடவுகிறார்கள். பிறகு சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் கிருமிகள் சிவந்த சிறு கோல்களாகத் தெரியும். நமது விவசாயியின் உதாரணத்தில் வழக்கைத் தீர்ப்பது இந்தக் கண்ணாடித் துண்டே. இன்னும் சந்தேகமிருந்தால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்ஸி செய்யலாம். திருநெல்வேலியில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியை, அதாவது நம்மவர்கள் சொல்லும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியை, இப்படிப்பட்ட சந்தேகங்களுக்கு அணுகலாம்.

தாமதத்தினால் வரும் நஷ்டம்

முடி உதிர்வதற்காக இவ்வளவு சோதனை வேண்டுமா என்று கேட்கலாம். புருவம் போனால் உயிர் போகாது, உண்மைதான். ஆனால் புருவத்தில் அடையாளம் காட்டும் இந்த நோய் அதே காலத்தில் நரம்புகளிலும் வேலை செய்கிறது.

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையில் வாழ்கிற நம் மக்கள் பெரும்பாலும் கையை நம்பிப் பிழைக்கிறவர்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களுக்கு இலையின் பதம் விரல் நுனியில் தெரிய வேண்டும். பத்தமடையில் பட்டுப்பாய் நெய்கிறவர்கள் மயிரிழைபோல் கிழித்த கோரையை விரலாலேயே அறிகிறார்கள். நாற்று நடுகிறவரின் காலில் முள் தைத்தால் வலி சொல்ல வேண்டும். நரம்பு கெட்டுப்போனால் இந்த அறிவெல்லாம் போய்விடுகிறது. சூடான பாத்திரம் சுட்டது தெரியாது, முள் குத்தியது தெரியாது. காயம் புண்ணாகி, புண் எலும்பு வரை போகிறது. விரல்கள் அழுகி விழுகின்றன என்று ஜனங்கள் சொல்லுவது சரியல்ல. வலி தெரியாத கையில் திரும்பத் திரும்பப் படும் காயங்களே விரலைக் குறைக்கின்றன. கண்ணை மூடும் நரம்பு பலமிழந்தால் தூசி விழுந்து பார்வையும் கெடும்.

புருவம் மெலிந்த காலத்திலேயே கண்டுபிடித்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். கெட்டுப்போன நரம்பைத் திரும்பக் கொடுக்க மருந்து இல்லை.

சிகிச்சையும் புதிய புருவமும்

1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின், குளோஃபசிமின், டாப்சோன் என்னும் மருந்துகள் அட்டை மாத்திரைகளாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிருமி குறைவான வகைக்கு 6 மாதம். புருவத்தை உதிர்க்கும் கிருமி மிகுந்த வகைக்கு 12 மாதம். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. வீட்டை விட்டோ வேலையை விட்டோ விலக வேண்டியதில்லை. ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கலாம். குளோஃபசிமினால் தோல் கறுக்கலாம். மருந்து முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும். இதை முன்னதாகவே சொல்லிவிட்டால் பயந்து பாதியில் நிறுத்த மாட்டார்கள். சிகிச்சையின் நடுவில் திடீரென நரம்பு வலியோ, தேமல் சிவந்து வீங்குவதோ ஏற்பட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் வர வேண்டும்.

நோய் குணமாகும். ஆனால் வேர் அழிந்துபோன புருவ முடி பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயினால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் சீராக்கியதை நம் வாசகர்களில் பலர் அறிவார்கள். அவர் முகத்தையும் சீராக்கினார் என்பது அவ்வளவாகத் தெரியாது. கை சரியானாலும், புருவமில்லாத முகம் பழைய நோயை ஊருக்கு அறிவித்துக்கொண்டேயிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? ஆகவே நெற்றிப்பொட்டில் துடிக்கும் இரத்தக்குழாயோடு சேர்த்துத் தலைத்தோலில் ஒரு சிறு கீற்றை எடுத்து, தோலுக்கடியில் நகர்த்திப் புருவத்தின் இடத்தில் பொருத்தினார்கள். நோய்க்குத் தப்பிய தலைமுடியே புருவமாக வளர்ந்தது. தலைமுடியின் சுபாவப்படி அது நீண்டுகொண்டே போகும். அவ்வப்போது கத்தரித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

1955இல் வேலூருக்கருகே கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சிப் பயிற்சி நிலையமும், நம் பகுதியில் பேய்க்குளத்தில் தூய லூக்காவின் பெயரால் ஏற்பட்ட தொழுநோய் மருத்துவமனையும், இப்படிப்பட்டவர்களை ஏற்றுக்கொள்ள வேறு இடமில்லாத காலத்தில் கதவைத் திறந்து வைத்தவை.

வேதம் சொல்லும் ஒரு வித்தியாசம்

லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தைத் தீட்டின் அதிகாரம் என்று வாசித்துவிட்டுப் போகிறோம். ஆனால் அதே அதிகாரத்தில், தலைமுடி உதிர்ந்தவன் வழுக்கையன் மட்டுமே, அவன் சுத்தமுள்ளவன் என்று ஆசாரியன் அறிய வேண்டுமென்று எழுதியிருக்கிறது. சந்தேகமான இடத்தை ஏழு நாள் கழித்துத் திரும்பப் பார்க்கும்படியும் சொல்லியிருக்கிறது. அவசரப்பட்டு ஒருவனைத் தீட்டுள்ளவன் என்று தள்ளிவிடக் கூடாது என்பது அங்கேயே இருக்கிறது. மேலும் அங்கே குஷ்டம் என்று மொழிபெயர்க்கப்பட்ட சொல் வஸ்திரத்திலும் வீட்டுச் சுவரிலும் தோன்றும் கறைக்கும் வழங்குகிறது. இன்று நாம் தொழுநோய் என்று சொல்லும் ஒரே வியாதியை மட்டும் அது குறிக்கவில்லை.

சட்டமும் மாறியிருக்கிறது. தொழுநோயாளரைப் பிரித்துவைக்க அனுமதித்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்துக் கேட்கும் வழி 2019இல் அடைக்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்த மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. இருந்தும், புருவத்தை மையினால் தீட்டி மறைத்துக்கொண்டு சிகிச்சைக்கு வராதிருக்கிறவர்கள் அஞ்சுவது சட்டத்துக்கு அல்ல. அக்கம்பக்கத்தாரின் வாய்க்கே அஞ்சுகிறார்கள்.

நினைவில் வைக்க

பெரியவர் ஒருவருக்கு இரு புருவமும் ஓரத்திலிருந்து உதிர்ந்தால் களிம்பு வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் தாமாக வாங்கித் தடவும் ஸ்டீராய்டு களிம்பு சிவப்பை மறைத்து நோயை மறைக்கும்.

தொட்டால் தெரிகிறது என்பதினால் மட்டும் தொழுநோய் இல்லை என்று எண்ண வேண்டாம். காது மடலையும் மூக்கையும் பாதத்தையும் பற்றிக் கேளுங்கள்.

புருவம் உதிர்ந்த எல்லாருக்கும் தொழுநோய் என்றும் எண்ண வேண்டாம். பலருக்கு அது தைராய்டாகவோ புழுவெட்டாகவோ இருக்கும். பரிசோதனைக்கு முன் யாருக்கும் பெயர் சூட்டாதிருங்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் அவர் வீட்டாரையும் பரிசோதிக்க வேண்டும். நோய் இல்லாத அவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து, நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கலாம் என்று 2018இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போது, உங்கள் எதிரே நிற்கிறவரின் முகத்தை அன்போடு கவனித்துப் பாருங்கள். சந்தேகம் தோன்றினால் கூட்டத்தில் கேட்க வேண்டாம். தனியாக அழைத்து, 'நானும் கூட வருகிறேன், ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவோம்' என்று சொல்லுங்கள்.